இரண்டு தெளிவுகள்

திருகோணமலையில் காந்த ஊசி தலை சாய்ப்பதில்லை. நடுவில் நூல் கட்டிச் சமமாகத் தொங்கவிட்ட ஒரு ஊசிக்குக் காந்தமேற்றினால், டில்லியில் அதன் வடமுனை நாற்பது பாகைக்கு மேல் தரையை நோக்கி இறங்கிவிடும். சென்னையில் கொஞ்சமாகத் தாழும். தெற்கே போகப் போக அந்தச் சாய்வு குறைந்துகொண்டே வந்து, ஓரிடத்தில் ஊசி கிடையாகவே நின்றுவிடும். அந்த இடங்களைச் சேர்த்து வரைந்தால் கிடைப்பதுதான் காந்த நடுக்கோடு. தென்னிந்தியாவின் நுனியையும் இலங்கையின் வடபாதியையும் ஒட்டி அது போகிறது. திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பாவை ராக்கெட் தளத்துக்குத் தேர்ந்தெடுத்து, 1963 நவம்பர் 21இல் முதல் ராக்கெட்டை அங்கிருந்து ஏவியதற்குக் காரணமும் இந்தக் கோடுதான். தும்பாவும் திருகோணமலையும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. ஒன்று அரபிக்கடலைப் பார்க்கிறது, மற்றது வங்கக்கடலைப் பார்க்கிறது.

கொழும்பு கோட்டையிலிருந்து இரவு ரயிலில் கிளம்பினால் கல் ஓயா சந்தியில் வண்டி வடகிழக்கே திரும்பும். சீனக்குடா நிலையத்தை நெருங்கும்போது விடிந்திருக்கும். ஜன்னல் பக்கம் திடீரென்று தண்ணீர் தெரியும். கடலென்று நம்ப முடியாத அளவுக்கு அமைதியான தண்ணீர். நான் வாலிபத்தில் திரவப் படிகங்களை என்.எம்.ஆர். கருவியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவன். அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு என்பது அதன் முழுப் பெயர். திருகோணமலையில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் படிப்பிக்கும் நண்பர் ஒருவர், "நீங்கள் வந்து பிள்ளையளுக்கு அதைச் சொல்லித்தர வேணும்" என்று பல காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கருவி இல்லாத ஊரில் எதைக் காட்டுவது என்ற தயக்கம் எனக்கு இருந்தது. ஊரைச் சுற்றிப் பார்த்தபோது அந்தத் தயக்கம் போய்விட்டது.

முதலில் உட்துறைமுக வீதி. உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பள்ளிப் புத்தகங்களில் படித்தது உண்மைதான் என்று அந்த வீதியில் நின்றால் கண்ணுக்கே தெரிகிறது. கச்சான் காற்றுக் காலம். தீவைக் கடந்து மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று, மலையகத்தில் மழையை இறக்கிவிட்டு இங்கே வறண்டு வருகிறது. கரையோரம் ஒற்றை நங்கூரத்தில் மிதந்த படகுகள் எல்லாம் காற்று வரும் பக்கம் மூக்கைத் திருப்பி நின்றன. வற்றுப்பெருக்கு இங்கே குறைவு என்பதால் படகின் திசையைக் காற்றே தீர்மானிக்கிறது. ஆனால் எந்தப் படகும் அப்படியே நிற்கவில்லை. ஒன்று இடப்பக்கம் சற்று ஒதுங்கும், பக்கத்திலிருப்பது வலப்பக்கம் ஒதுங்கும், சின்னஞ்சிறு வள்ளம் ஒன்று நிலைகொள்ளாமல் அலைந்தது. மொத்தமாகப் பார்த்தால் ஒரு திசை, தனித்தனியாகப் பார்த்தால் ஓயாத ஆட்டம்.

திரவப் படிகத்தின் மூலக்கூறுகள் இப்படித்தான் இருக்கின்றன. குச்சி போன்ற நீள மூலக்கூறுகள் திரவத்தைப் போலவே ஓடும், இடம் மாறும், ஒன்றையொன்று இடிக்கும். ஆனால் அவற்றின் நீள அச்சு பொதுவான ஒரு திசையைச் சுற்றியே ஆடும். அந்த ஆட்டம் எவ்வளவு என்பதை ஒரே எண்ணில் சொல்லலாம். எல்லாம் துல்லியமாக ஒரே திசையில் நின்றால் 1, எந்த ஒழுங்கும் இல்லையென்றால் 0. கைக்கடிகாரத் திரையிலும் கல்குலேட்டரிலும் இருக்கும் வகை, அறையின் சூட்டில் அரைக்குச் சற்று மேலே கீழே நிற்கும். இந்த எண்ணை அளப்பதில்தான் என்.எம்.ஆருக்கு ஈடு இல்லை.

படகோடு ஒப்பிடுவதில் ஒரு குறை உண்டு என்பதையும் பிள்ளைகளிடம் சொன்னேன். படகுகளுக்கு ஒரே பக்கம் மூக்கு. மூலக்கூறுகளில் பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமும் தலைவைத்திருக்கும், அச்சுதான் பொது. இன்னொன்று, ஒவ்வொரு படகையும் காற்று தனியாகவே திருப்பிவிடும். மூலக்கூறின் கதை அப்படியல்ல. அதைப் பிறகு சொல்கிறேன்.

என்னிடம் ஒரு கண்ணாடிக் குழாய் இருந்தது. விரல் பருமன், வாயை உருக்கி மூடியது. உள்ளே 5சிபி என்று ஆய்வகங்களில் அழைக்கப்படும் திரவப் படிகம். இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிரே குழுவினர் 1970களின் தொடக்கத்தில் செய்த சயனோபைபினைல் குடும்பத்தைச் சேர்ந்தது. டிஜிட்டல் கடிகாரங்களின் திரை மலிவாகி உலகெங்கும் போனதற்கு அந்தக் குடும்பம் பெரிய காரணம். சாதாரணச் சூட்டில் அது பால் கலந்த தண்ணீர்போல் கலங்கியிருக்கும். சுமார் 35 பாகை செல்சியசில் சட்டென்று தெளிந்து கண்ணாடிபோல் ஆகிவிடும். திருகோணமலை வெயிலில் குழாயை வெறுமனே வைத்தாலே தெளிந்துவிடும் என்பதால் ஈரத்துணியில் சுற்றி எடுத்துப்போனேன். எங்கே போனோம் என்றால், கன்னியாவுக்கு.

நகரிலிருந்து அநுராதபுரம் போகும் வீதியில் கொஞ்ச தூரத்தில் கன்னியா வெந்நீர் ஊற்று இருக்கிறது. கல் கட்டிய சிறிய சதுரக் கிணறுகள் ஏழு, பக்கம் பக்கமாக. இராவணன் தன் தாயின் அந்தியக் கிரியைக்காக வாளால் குத்தித் தண்ணீர் எடுத்த இடம் என்று கதை. அதனால் இன்றும் இறந்தவர்களுக்கான கடன்களை முடிக்கக் குடும்பங்கள் வருகின்றன. கிணறுகள் ஆழமில்லை, அடியில் மணல் தெரியும், இடையிடையே குமிழி எழும். ஏழின் சூடும் ஒன்றுபோல் இல்லை என்பதுதான் வியப்பு. ஒரு கிணற்றில் கையை வைத்தால் வெதுவெதுப்பு, அடுத்ததில் வைத்தால் கை தானாகப் பின்வாங்கும். நிலத்தடியில் ஆழத்துக்கு இறங்கிய மழைநீர் அங்குள்ள பாறையின் சூட்டை வாங்கிக்கொண்டு வெடிப்புகள் வழியே மேலே வருகிறது.

கிணற்றில் எதையும் விடுவது முறையல்ல. நண்பர் ஒரு வாளியில் சூடான கிணற்றின் தண்ணீரை மொண்டு வைத்தார். ஈரத்துணியை அவிழ்த்துக் குழாயை அதில் அமிழ்த்தினேன். நான்கைந்து பிள்ளைகள் வாளியைச் சுற்றிக் குந்தினார்கள். முதலில் கண்ணாடியை ஒட்டிய ஓரத்தில் ஒரு மெல்லிய தெளிந்த வளையம் தோன்றியது. பிறகு அந்த வளையம் உள்ளே நகர்ந்தது. நடுவில் வெள்ளைத் திரி ஒன்று நூலாக மெலிந்து, அறுந்து, மேலே சின்ன மேகமாகச் சுருண்டு, இல்லாமல் போனது. குளித்துவிட்டு ஈரத்தலையோடு நின்ற ஒரு அம்மா எட்டிப் பார்த்தார்.

"தம்பி, இது என்ன, மருந்தோ?"

"மருந்தில்லை அம்மா. கைக்கடிகாரத் திரைக்குள்ள இருக்கிற சாமான்."

"பால் மாதிரி இருந்தது, இப்ப தண்ணியாப் போச்சே!"

குழாயை வெளியே எடுத்துக் காற்றில் பிடித்தேன். கச்சான் காற்று அடித்ததும் மீண்டும் பால் திரும்பியது. அந்த அம்மா இன்னொரு தரம் செய்யச் சொன்னார், செய்தேன்.

1888இல் பிராக் நகரில் தாவரவியல் ஆய்வாளர் பிரீட்ரிக் ரைனிட்சர் கண்டதும் இதைப் போன்ற ஒன்றைத்தான். கொலஸ்ட்ராலிலிருந்து செய்த ஒரு பொருளைச் சூடாக்கினார். 145.5 பாகையில் அது உருகிக் கலங்கலாக நின்றது. 178.5 பாகையில் இன்னொரு முறை உருகித் தெளிந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலைகள். அவர் அதை இயற்பியலாளர் ஓட்டோ லேமனுக்கு அனுப்பினார். லேமன் அடுத்த ஆண்டு ஓடும் படிகங்கள் என்று கட்டுரை எழுதினார். கலங்கல் ஏன் வருகிறது என்றால், குழாய்க்குள் ஒரு மூலையில் மூலக்கூறுகள் ஒரு திசையில் நிற்கும், அடுத்த மூலையில் வேறு திசையில் நிற்கும். ஒவ்வொரு திட்டிலும் ஒழுங்கு உண்டு, திட்டுக்குத் திட்டு திசை மாறுகிறது. அந்த எல்லைகளில் ஒளி சிதறுவதால் பால் நிறம்.

அன்று மாலை திருக்கோணேஸ்வரத்துக்குப் போனோம். பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்கள் பயமில்லாமல் மேய்கின்றன. 1624இல் போர்த்துக்கேயர் இடித்த கோயில் நின்ற சுவாமி மலையில் இப்போதைய கோயில் நிற்கிறது. பாறையின் விளிம்பில் இராவணன் வெட்டு என்று சொல்லும் பிளவு, கீழே கடல். அங்கே நின்றால் பேச மனம் வராது. ஆனால் படியிறங்கும்போது ஒரு மாணவி கேட்ட கேள்வி, இந்தப் பயணத்தையே எனக்குப் பெறுமதியாக்கியது.

"தெளிஞ்சிட்டுது எண்டா எல்லாம் ஒழுங்கா வந்திட்டுது எண்டுதானே, சேர்?"

இல்லை, அதற்கு நேர்மாறு. கன்னியாத் தண்ணீரில் தெளிந்தபோது மூலக்கூறுகளிடம் மிச்சமிருந்த ஒழுங்கும் போய்விட்டது. எல்லாத் திசையிலும் சமமாகச் சிதறியதால் ஒளிக்குத் தடங்கல் இல்லை, அதனால் தெளிவு. ஆனால் அதே குழாயைச் சூடாக்காமல் வலுவான காந்தத்துக்குள் வைத்தால் அங்கேயும் தெளியும். அப்போது எல்லாத் திட்டுகளும் ஒரே திசைக்குத் திரும்பிவிடுவதால் எல்லைகளே இல்லை, ஒளிக்குத் தடங்கலும் இல்லை. முழு ஒழுங்கின்மையும் தெளிவு, ஒழுங்கும் தெளிவு. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. என் வாலிபம் முழுவதும் நான் பார்த்த வேலை இந்த இரண்டு தெளிவுகளையும் பிரித்தறிவதுதான்.

இரவு நண்பர் வீட்டுத் திண்ணையில் பிளேன்ரீயோடு அதை விளக்கினேன். ஹைட்ரஜனுக்கு டியூட்டீரியம் என்று கனத்த உறவு ஒன்று உண்டு. மூலக்கூறின் குறிப்பிட்ட இடத்தில் ஹைட்ரஜனுக்குப் பதில் அதை வைத்துவிட்டால், அந்த இடத்துக்கு ஒரு உளவாளி கிடைத்த மாதிரி. 9.4 டெஸ்லா காந்தத்துக்குள் குழாயை இறக்கி 61 மெகாஹெர்ட்ஸ் அளவில் ரேடியோ அலையைத் துடிப்பாகக் கொடுத்தால் அது பதில் சொல்லும். மூலக்கூறுகள் எல்லாத் திசையிலும் புரண்டுகொண்டிருந்தால் பதில் ஒற்றைக் கூர்க்கோடு. பொதுத் திசை ஒன்று இருந்தால் அந்தக் கோடு இரண்டாகப் பிளக்கும். இரண்டு கோடுகளுக்கு இடையிலுள்ள தூரம் பத்துக்கணக்கான கிலோஹெர்ட்ஸ் இருக்கும், அது ஒழுங்கு எண்ணுக்கு நேர்விகிதத்தில் கூடிக் குறையும். குழாயை மெல்லச் சூடாக்கினால் கோடுகள் ஒன்றையொன்று நெருங்கும். 35 பாகைக்குச் சற்று முன்வரை இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்து, பிறகு இழுத்துப் பிடித்தது அறுந்ததுபோல் ஒரே தாவலில் இரண்டும் சேர்ந்து நடுவில் ஒன்றாகிவிடும். படிப்படியாகப் பூச்சியத்துக்கு இறங்குவதில்லை, சுமார் 0.3இலிருந்து குதிக்கிறது. அதை நேரில் பார்த்த ஒவ்வொரு முறையும் எனக்கு உடம்பு சிலிர்த்திருக்கிறது.

இந்த வேலையின் வரலாற்றில் நம் பக்கத்துப் பெயர்கள் நிறைய. 1953இல் திரவப் படிகத்தின் புரோட்டான் கோட்டை முதலில் அளந்து எழுதிய ஸ்பென்ஸ், மோசஸ், ஜெயின் மூவரில் கடைசிப் பெயர் இந்தியப் பெயர். 1963இல் ஜெர்மனியில் சாவுப்பேயும் எங்கிளெர்ட்டும் திரவப் படிகத்தில் பென்சீனைக் கரைத்து, அதை வரிசைப்படுத்தி நிறமாலை எடுத்தார்கள். அந்த முறையை வளர்த்துப் பரப்பியவர்களில் முக்கியமானவர் சி. எல். கேத்ரபால், டீலுடன் சேர்ந்து 1969இல் அவர் எழுதியது இத்துறையில் அடிப்படை நூல். சி. வி. ராமனின் சகோதரி மகன் எஸ். சந்திரசேகர், பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் 1977இல் சதாசிவா, சுரேஷ் இருவரோடும் குச்சிக்குப் பதில் தட்டு வடிவ மூலக்கூறுகளாலும் திரவப் படிகம் உண்டாகும் என்று காட்டினார். காந்தத்தில் அந்தத் தட்டுகள் குச்சிகள் செய்வதைச் செய்யாது; அவற்றின் அச்சு புலத்துக்குக் குறுக்கே திரும்பும். சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் டி. நரசிம்மசாமியும் இந்திய அறிவியல் கழகத்தின் கே. வி. இராமநாதனும் சேர்ந்து, டியூட்டீரியத்தை நுழைக்கவேண்டிய தேவையே இல்லாமல் இயற்கையில் நூற்றுக்கு ஒன்றாகக் கிடக்கும் கார்பன்-13ஐக் கொண்டு மூலக்கூறின் ஒவ்வொரு இடத்தின் சாய்வையும் படித்திருக்கிறார்கள். தோல் ஆராய்ச்சிக் கூடத்தில் திரவப் படிகமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். பொருள்களின் உள்ளமைப்பைப் படிக்கிற இடம் எதுவானாலும் இந்தக் கேள்வி அங்கே வந்து சேரும்.

அடுத்த காலை நண்பரின் வானில் வடக்கே போனோம். சாம்பல்தீவு, நிலாவெளி, இறக்கக்கண்டிப் பாலம், குச்சவெளி. நிலாவெளிப் பக்கத்தில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் வழியில் வருகிறது. குச்சவெளி தாண்டினால் ஆள் நடமாட்டம் குறைந்து பனையும் பற்றையும் உப்புக்காற்றும்தான். போகவேண்டிய இடம் புல்மோட்டை. கடற்கரை மணலே தாது. கறுத்த இல்மனைட் பத்தில் ஏழு பங்கு, மீதியில் ரூட்டைலும் சிர்க்கோனும். அரசுக்குச் சொந்தமான லங்கா மினரல் சான்ட்ஸ் நிறுவனம் அதை அள்ளிப் பிரித்து ஏற்றுமதி செய்கிறது. வாடைக்காற்றுக் கால அலைகள் புது மணலைக் கொண்டுவந்து போடுகின்றன. பிரிப்பதற்கு வழி காந்தம்தான். இல்மனைட் காந்தத்துக்கு இழுபடும், மற்ற இரண்டும் இழுபடாது. பிறகு மின்னழுத்தத்தைக் கொண்டு ரூட்டைலை சிர்க்கோனிலிருந்து பிரிக்கிறார்கள். ரூட்டைல் மின்சாரத்தைக் கடத்தும், சிர்க்கோன் கடத்தாது.

திரும்பும் வழியில் ஒரு கரையில் அலை விட்டுப்போன கறுப்புக் கோட்டைப் பார்த்து வானை நிறுத்தினோம். நான் கொண்டுபோன இரண்டு நியோடிமியம் காந்தக் கட்டிகளில் ஒன்றைப் பொலித்தீன் பையில் சுற்றி ஈரம் உலர்ந்த மணல்மேல் பிடித்தேன். கறுப்பு மணிகள் மயிர்போல் சிலிர்த்து எழுந்து ஒட்டின. சற்று நெருங்கியதும் சிவந்த மணிகள் சிலவும் வந்தன, அவை கார்னெட். வெள்ளை மணல் இருந்த இடத்திலேயே கிடந்தது. பையைக் காந்தத்திலிருந்து உருவியதும் எல்லாம் மீண்டும் கரையில் கொட்டின.

இதில் காந்தம் மணியை இழுக்கிறது. திரவப் படிகத்தில் அது மூலக்கூறை இழுப்பதில்லை, திருப்புகிறது. பென்சீன் வளையங்கள் உள்ள குச்சி, புலத்துக்கு நெடுக்காகக் கிடந்தால் ஆற்றல் கொஞ்சம் குறையும். எவ்வளவு கொஞ்சம்? 9.4 டெஸ்லாவில்கூட, ஒரு மூலக்கூறைத் திருப்பக் கிடைக்கும் ஆற்றல் அதன் வெப்ப ஆட்டத்தின் ஆற்றலில் பத்து லட்சத்தில் ஒரு சில பங்குதான். தனி மூலக்கூறு அந்தக் காந்தத்தைக் கவனிக்கவே கவனிக்காது. ஆனால் திரவப் படிகத்தில் அது தனியாக இல்லை. பக்கத்திலுள்ளது எந்தத் திசையோ அந்தத் திசைக்கு ஒவ்வொன்றும் கட்டுப்பட்டிருக்கிறது. கோடானுகோடி மூலக்கூறுகள் கைகோத்திருக்கும் கூட்டத்தின்மேல் அந்தச் சிறு தள்ளல் விழும்போது எல்லாத் தள்ளலும் கூடிச் சேர்கிறது, கூட்டம் முழுவதும் திரும்பிவிடுகிறது. துறைமுகத்தில் பிறகு சொல்கிறேன் என்றது இதைத்தான்.

வீடு திரும்பியதும் நண்பர் ஒரு பலகைத் துண்டில் விரல் பருமன் இடைவெளி விட்டு இரண்டு காந்தக் கட்டிகளையும் திருகாணி கொண்டு இறுக்கித் தந்தார். இடைவெளியில் அரை டெஸ்லா அளவு இருக்கலாம். ஈரத்துணியில் பால்போல் இருந்த குழாயை அதற்குள் இறக்கினேன். பின்னால் ஒரு பத்திரிகைத் தாளைப் பிடித்தோம். இறக்கிய கணத்தில் எழுத்து தெரியவில்லை. மூச்சு விட்டு வாங்கும் நேரத்தில் தெரிந்தது. காந்தத்துக்கு வெளியே நீண்டிருந்த பகுதி பாலாகவே நின்றது. அப்போதுதான் பிள்ளைகள் நம்பினார்கள். இது சூட்டின் தெளிவில்லை என்பதையும் காட்டவேண்டுமே! பழைய கல்குலேட்டர்களின் திரையிலிருந்து உரித்த போலராய்டுத் தாள்கள் இரண்டை ஒன்றுக்கொன்று குறுக்காக, காந்தத் திசைக்குச் சாய்வாக வைத்து, நடுவில் குழாய் வருமாறு பிடித்தோம். வெளிச்சம் வந்தது. அடுப்படியிலிருந்து வெந்நீர் வாங்கி, குழாயைச் சூடாக்கித் தெளியவைத்து அதே தாள்களுக்கு நடுவே பிடித்தபோது இருட்டு. இரண்டும் தெளிவு, ஒன்றில் திசை உண்டு, மற்றதில் இல்லை.

முந்தின நாள் கோயில் படியில் கேட்ட அதே பிள்ளை மறுபடி கேட்டது. "திருகோணமலையில காந்தப் புலம் கிடையாத்தானே போகுது சேர்? அப்ப இந்தக் காந்தக் கட்டி இல்லாமலே, பூமியே இதைத் திருப்பாதோ?"

தாளை எடுத்து இருவருமாகக் கணக்குப் போட்டோம். இங்கே பூமியின் புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. ஆய்வகக் காந்தம் அதைவிட இரண்டு லட்சம் மடங்குக்கும் மேல். கண்ணாடிச் சுவரை ஒட்டிய மூலக்கூறுகள் சுவர் சொன்ன திசையில்தான் நிற்கும். அந்தப் பிடி உள்ளே எவ்வளவு தூரம் எட்டும் என்பது புலத்தின் வலிமையைப் பொறுத்தது. ஒரு டெஸ்லாவில் சில மைக்ரோமீட்டர். பூமியின் புலத்தில் ஐந்து ஆறு சென்டிமீட்டர். என் குழாயின் விட்டமே அதைவிட மிகச் சிறியது, ஆகவே உள்ளே முழுவதும் சுவரின் ஆட்சி. "அப்ப பெரிய தொட்டியில எடுத்தா?" என்றது. எடுத்தால் நடுவில் பூமி வெல்லும். ஆனால் திரும்ப எவ்வளவு நேரமாகும் என்று பார்க்கவேண்டும். நேரம், புலத்தின் இருமடிக்குத் தலைகீழ். 9.4 டெஸ்லாவில் ஒரு மில்லிசெக்கன் அளவு, காந்தக் கட்டிகளுக்கு நடுவே செக்கனில் மூன்றில் ஒரு பங்கு அளவு. 40 மைக்ரோடெஸ்லாவில் அந்தப் பிள்ளையே வகுத்துப் பார்த்துச் சொன்னது: ஒரு வருடத்துக்கு மேல், ஒன்றேமுக்கால் வருடம் வரும். அவ்வளவு காலமும் தொட்டி அசையக்கூடாது, ஒரு பக்கம் சூடு கூடி உள்ளே நீரோட்டம் கிளம்பக்கூடாது, பகலில் 35 பாகையைத் தாண்டக்கூடாது.